அஞ்ச மழையா?

அண்டியாபீசில் விசிறி கிடையாது.
விசிறி போட்டால் பருப்புத் தோல் பறக்குமாம்,
பறக்கிற தோலுக்கும் எடை உண்டென்பார் கணக்கர் டென்சிங்.
எனவே வியர்த்தபடியே தல்லுகிறோம்
கருங்கலுக்கு மேற்கே, தகரக் கூரைக்குக் கீழே
நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.

சாக்குகளில் நீல மசியில் ஒரு பெயர்:
கினி பிசாவ்.
ஜெசிந்தாவுக்கு அது கிளிப் பிசாசு.
"இண்ணைக்குக் கிளியா, பிசாசா?" என்று கேட்டுவிட்டுத்தான்
மரக்கட்டையின் முன்னால் உட்காருவாள்.

சாக்கை உதறினால் மண் விழும்.
நம்மூரும் செம்மண்தான். இது வேறு சிவப்பு,
காய்ந்த மிளகாயின் உட்பக்கம்போல.
ஒருநாள் ரப்பர் செருப்பு ஒன்று விழுந்தது.
இடது கால். ஐந்து வயது இருக்கும்.
தூக்கி எறிய யாருக்கும் கை வரவில்லை.
ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்தோம்,
தேடிக்கொண்டு வந்துவிடுவாள் என்பதுபோல.

மாசியில் டென்சிங் போனை வைத்துவிட்டுச் சொன்னார்:
"அஞ்ச மழ."
"மழ நல்லதுதானே சாரே?"
"பூக்குத நேரத்திலயா?"

அதன் பிறகு நாங்கள்
கண்டிராத ஒரு வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினோம்.
பஸ்ஸுக்குள், குழாயடியில்,
பூசை முடிந்து இறங்கும் படியில்:
"அஞ்ச மழையா எளா?"
கனகபாய் மண்டைக்காட்டுக் கொடைக்குப் போய்
மழை வேண்டாமென்று நேர்ந்துவிட்டு வந்தாள்.
எந்த ஊரில் என்று அம்மையிடம் சொன்னாயா, என்றேன்.
"நாக்கு பெரளல்ல. கடலுப் பக்கமாட்டு
கையக் காட்டினேன்."

கை காட்டியது போதவில்லை.
பங்குனியிலும் பெய்ததாம் அங்கே,
பூ கறுத்து, பிஞ்சு உதிர்ந்து.
ஆனியில் தூத்துக்குடிக்குக் கப்பல் வந்தபோது
எங்கள் பங்குக்கு நாற்பது சாக்கு.
நான்கே நாளில் தல்லி முடித்தோம்.
ஐந்தாம் நாள் கேட்டில் பூட்டு.

இங்கே மழை மட்டும் நாள் தவறாமல் வந்தது.
குளச்சல் பக்கம் கறுத்து,
தென்னைகளைக் குனியவைத்து,
கூரையில் அண்டி கொட்டுவதுபோல் கொட்டியது.
இந்தக் காற்று பூமத்திய ரேகைக்கு அந்தப்பக்கமிருந்து
நடந்து வருகிறதென்று மகனின் புத்தகத்தில் போட்டிருக்கிறது.
களியக்காவிளையில் வாழைக்குலை லாரியை
ஓரங்கட்டிச் சீட்டுக் கேட்கிறார்கள்.
இதை நிறுத்தி
யாருடையது நீ என்று கேட்க
எந்தச் செக்போஸ்டிலும் ஆளில்லை.

ரேஷன் கடையில் விரல் வைத்தேன்.
எந்திரம் என்னைத் தெரியாதென்றது.
வேறு விரல். தெரியாது.
ரேகையைத் தின்றுவிட்டது அண்டி எண்ணெய்.
எவரோ நட்ட மரத்தில், எவரோ பொறுக்கிய கொட்டையில்
இருந்த எண்ணெய்.
"சேலையில துடச்சிட்டு வையுங்க" என்றான் கடைப் பையன்.
துடைத்தேன். ஊதினேன்.
இடது சுண்டுவிரலில் ஒரு கோடு மிச்சமிருந்திருக்க வேண்டும்.
அரிசி விழுந்தது.

அந்த நாட்டில் அண்டியைக் கொடுத்துத்தான்
அரிசி வாங்குவார்களென்று டென்சிங் ஒருமுறை சொன்னார்.
நம்ம தேசத்து அரிசியும் கப்பலேறிப் போகுமாம்.
அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.
இப்போது தூறலில், தலையில் சாக்கைப் போட்டு நிற்கையில் ஏறியது.
ஒற்றைச் செருப்புக்காரியின் அம்மை
விலை ஏறிய அரிசிக்கு முன்னால் நின்று
அவள் பாஷையில், பக்கத்தில் நிற்பவளிடம்,
நாக்குப் புரளாத எங்கள் ஊர்ப் பெயருக்குப் பதில்
கடல் பக்கமாய்க் கையைக் காட்டி...

"ஆமா எளா," என்றேன் சத்தமாய், "நல்ல மழ."

கடைப் பையன் நிமிர்ந்து பார்த்தான்.
"யாருகிட்ட அக்கா?"
பையைத் திறந்து பிடி, என்றேன்,
சிந்துகிறது.